மார்கழிப் பனியில் கொடுவா வாய் திறக்குதில்லை: இடம் பிழையா, நேரம் பிழையா, லூர் பிழையா?

செம்மணிவெளி:

வணக்கம். யாழ்ப்பாணப் பக்கம் புரட்டாதி கடைசி மட்டும் ஒழுங்காக் கடிச்ச இடங்கள் நாலு: நாவற்குழிப் பாலத்தடி, அரியாலை அணைக்கட்டுக்கு வெளிப்பக்கம், வல்லைப் பாலம், தொண்டைமானாறு. கார்த்திகை மழையோட நிண்ட கடி, மார்கழி முடியப்போகுது, இன்னும் திரும்பேல்லை. மீன் இல்லையெண்டு சொல்லேலாது. வீச்சுவலைக்காரருக்கு இடைக்கிடை ஒண்டு ரண்டு ஏறுது.

சாமான் இதுதான்: 7 அடி மீடியம் றொட், 4000 றீல், 20 இறாத்தல் பிறெய்ட் நூல், நுனியில லீடரா 30 இறாத்தல் தங்கூசி ஒண்டரை அடி. லூர், அதாவது பொய் இரை, ரண்டு வகை. ஒண்டு 10 சென்ரிமீற்றர், 13 கிராம் றப்பாலா எக்ஸ்-றாப். மற்றது 4 அங்குல றப்பர் மீன், 14 கிராம் ஜிக் தலையோட (தூண்டில் பதிச்ச பாரத் தலை). எறியிற நேரம் விடியப்புறம் ஐந்தரையில இருந்து எட்டு வரைக்கும், புரட்டாதியில செய்த மாதிரியே.

தண்ணிக்குள்ள சூட்டுமானி விட்டுப் பாத்தது: காலமை 6 மணிக்கு 24 பாகை, வெளியில 21. பின்னேரம் 2 மணிக்கு அதே இடத்தில, முழங்கால் தண்ணியில 27.

கேள்வி மூண்டு.

1. 24 பாகை எண்டுறது கொடுவாவுக்குக் குளிரோ? அது எங்க போய்க் கிடக்கும்?

2. எக்ஸ்-றாப் பெட்டியில தண்ணிக்குள்ள அப்படியே தொங்கும் எண்டு போட்டிருக்கு. பண்ணைப் பாலத்தடியில நிப்பாட்டின உடன மேல ஏறுது. தொண்டைமானாற்றில தொங்குது. ஒரே லூர்தான். இது ஏன்?

3. ரண்டு தரம் நூலில பாரம் மட்டும் தெரிஞ்சுது, இழுத்தால் ஒண்டும் இல்லை. ஒருக்கா லீடர் அறுந்து போச்சு.

தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

---

மதகடி:

முதல் கேள்வியைப் பிடிப்பம், மற்ற ரண்டும் அதுக்குள்ளதான் கிடக்கு.

கொடுவா சூட்டுத் தண்ணி மீன். 26 இல இருந்து 32 பாகை வரைக்கும் நல்லாத் தின்னும். 24க்குக் கீழ இறங்க இறங்க சமிபாடு மெதுவாகும், 20 அளவில கிட்டத்தட்ட வாயை மூடிப்போடும். கூட்டில வளர்க்கிற ஆக்களும் தண்ணி குளிர்ந்தால் தீன் குறைக்கிறது இதாலதான். அப்ப 24 எண்டது பட்டினி கிடக்கிற குளிர் இல்லை, சோம்பல் குளிர். ஒருக்காத் திண்டதை நெடுநேரம் வயித்தில வைச்சிருக்கும். ஓடிப்போய் பிடிக்காது, வாய்க்கு முன்னால வந்தால் உறிஞ்சும்.

இதில இருந்து வாற முதல் விசயம், நீங்கள் போற நேரம் தலைகீழ். புரட்டாதியில தண்ணி 30க்கு மேல நிக்கேக்க விடியப்புறம்தான் மீனுக்குச் சுகம். மார்கழி, தையில விடியப்புறம்தான் நாளிலயே ஆகக் குளிரான நேரம். கடல்நீரேரி ஆழமில்லாதது. இரவு முழுக்கப் பனி குடிச்ச தண்ணி சூடேற மத்தியானம் ஆகும். பின்னேரம் 2 மணியில இருந்து பொழுதுபட்டு ஒரு மணித்தியாலம் வரைக்கும் எறியுங்கோ. காலமை நித்திரை கொள்ளலாம், அது இந்த மாதத்துச் சலுகை.

இரண்டாவது, இடம். பின்னேரம் எண்டவுடன எல்லாக் கரையும் ஒண்டில்லை. வாடைக்காத்து வடக்கில இருந்து தள்ளுது. பகல்ல வெயில் சூடாக்கின மேல்தண்ணி காத்தோட ஒதுங்கி, காத்து மோதுற கரையில சேரும், அதாவது தெற்கு, தென்மேற்குக் கரை. கறுத்த சுரி நிலமும் கருங்கல் அடுக்கின அணைக்கரையும் வெயிலைக் கூட இழுக்கும். அந்தக் கல்லுக்கு முன்னால ரண்டு, மூண்டு அடித் தண்ணியில திரளிக்குஞ்சு ஒதுங்கினால் கொடுவாவும் பின்னால வரும். காத்தில்லாத மற்றக் கரை நிண்டு எறியச் சுகம்தான், ஆனால் உங்களுக்குச் சுகமான இடமும் மீனுக்குச் சுகமான இடமும் வேற.

அதோட, பரவையில (ஆழமில்லாத பரந்த தண்ணியில) இருந்து தண்ணி வடிஞ்சு வாற வாய்க்கால் வாயைப் பாருங்கோ. எங்கட பக்கம் பெருக்குக்கும் வத்துக்கும் வித்தியாசம் அரை மீற்றர் சொச்சம்தான், எண்டாலும் பத்து ஏக்கர் பரவைத் தண்ணி ஒரு வாய்க்காலால இறங்கேக்க ஓட்டம் இருக்கும். பின்னேர வத்தில இறங்கிறது மத்தியானம் முழுக்கச் சூடான தண்ணி. வாய்க்கால் வாயில 27, பக்கத்து ஆழத்தில 25 எண்டு கிடந்தால் மீன் அந்த ரண்டும் சேருற கோட்டில நிக்கும். சூட்டுமானி வைச்சிருக்கிறீங்கள்தானே, ஒரே இடத்தில விடாமல் பத்துப் பத்து மீற்றருக்கு ஒருக்கா விட்டுப் பாருங்கோ. ஒரு பாகை வித்தியாசம் இருந்தாலே போதும்.

மூண்டாவது, அடித்தண்ணி. மழைக்குப் பிறகு பாலத்தடியிலயும் அணைக்கட்டடியிலயும் தண்ணி ரண்டு தட்டாக் கிடக்கும். மேல நல்லதண்ணி, கீழ உப்புத்தண்ணி. குளிர்ந்த தண்ணி கீழ போகும் எண்டு படிச்சிருப்பம், இதில போகாது. கணக்கைப் பாருங்கோ: 30 பாகையில இருந்து 24க்குக் குளிர்ந்தால் ஒரு லீற்றர் தண்ணி கூடுறது ஒண்டரைக் கிராம் சொச்சம். கடல்தண்ணி நல்லதண்ணியை விட லீற்றருக்கு 25 கிராம் கூட. அதால இரவுக் குளிர் மேல்தட்டோட நிக்கும், கீழ்த்தட்டு பழைய சூட்டோட கிடக்கும். பரந்த ஆழமில்லாத இடத்தில காத்து எல்லாத்தையும் கலக்கிப்போடும், அங்க தட்டு நிக்காது. பாலத் தூணடியில ஓட்டம் அரிச்ச குழி, அணைக்கட்டுக் கதவுக்குக் கீழ உள்ள குழி, இப்படியான இடங்களில நிக்கும். விடியப்புறம் போயே ஆகவேணும் எண்டால் அந்தக் குழியளை மட்டும் பாருங்கோ.

அடித்தண்ணியை எடுக்கிறதுக்குச் செலவில்லை. சோடாப் போத்தல் ஒண்டின்ர அடியில ஒரு கிலோக் கல்லுக் கட்டி, கழுத்தில ஒரு கயிறு போடுங்கோ. வாய்க்குத் தக்கை இறுக்கி, தக்கைக்கு வேற கயிறு. போத்தலை இறக்கி அடியில தட்டினவுடன ஒரு முழம் தூக்கி, தக்கைக் கயிற்றைச் சுண்டி இழுங்கோ. குமிழி நிண்டவுடன மேல எடுத்துச் சூட்டுமானியை உள்ள விடுங்கோ. தாமதிச்சால் வெளிச் சூடு ஏறிப்போடும்.

---

சோல்டர்கம்பி:

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்லுறன், இது எனக்குப் பிடிச்ச விசயம்.

உங்கட லூரில பழுதில்லை, தண்ணிதான் வேற. அந்த லூரை நல்லதண்ணியில தொங்கிறதுக்கு அளந்து செய்திருக்கிறாங்கள். 13 கிராம் லூர் நல்லதண்ணியில தொங்குது எண்டால் அது 13 மில்லிலீற்றர் தண்ணியை விலக்குது. அதே 13 மில்லிலீற்றர் கடல்தண்ணி 13.3 கிராம் சொச்சம் நிறை. அந்த 0.3 கிராம்தான் லூரை மேல தூக்கிறது. பண்ணையில தண்ணி உப்பு, ஏறுது. தொண்டைமானாற்றில இப்ப மழைத்தண்ணி, தொங்குது. ஆவணியில கடல்நீரேரி வத்தி உப்பு இன்னும் ஏறி நிக்கேக்க விசுக்கெண்டு மேல வந்திருக்கும், ஆனால் அப்ப நீங்கள் நிப்பாட்டாமல் இழுத்ததால தெரிஞ்சிராது.

இப்ப மீன் சோம்பல் எண்டு மேல மதகடி அண்ணை சொல்லிப்போட்டார். சோம்பல் மீனுக்கு லூர் முகத்துக்கு முன்னால அசையாமல் நிக்கவேணும். மெல்ல மேல ஏறுற லூரை அது பின்தொடராது. அதால இந்த 0.3 கிராமைச் சரிக்கட்டினால்தான் மிச்ச வேலை எல்லாத்துக்கும் அர்த்தம்.

செய்யிற முறை: றேடியோ திருத்திற கடையில 1 மில்லிமீற்றர் மொத்தச் சோல்டர் ஈயக்கம்பி வாங்குங்கோ. ஒரு சென்ரிமீற்றர் கிட்டத்தட்ட 0.06 கிராம். முழுக் கடல்தண்ணிக்கு 13 கிராம் லூருக்கு 5 தொடக்கம் 6 சென்ரிமீற்றர் தேவை. அரை உப்புத் தண்ணிக்கு, உதாரணமா இப்ப நாவற்குழி, 3 சென்ரிமீற்றரில தொடங்குங்கோ. கம்பியை முன்பக்கத்து மூண்டுமுள்ளுத் தூண்டிலின்ர தண்டில நெருக்கமாச் சுத்தி, குறட்டால நெரிச்சு விடுங்கோ. பின் தூண்டிலில சுத்தவேண்டாம். வால் தாழ்ந்துபோகும், இழுக்கேக்க லூர் ஆடாமல் தடி மாதிரி வரும். கனபேர் இதிலதான் பிழை விடுகினம், பிறகு லூர் சரியில்லை எண்டு பேசுகினம்.

சோதிக்கிறது எறியிற இடத்தில, அந்த இடத்துத் தண்ணியில. வாளியில அள்ளி லூரை லீடரோட சேர்த்து உள்ள அமத்தி விடுங்கோ. பத்து எண்ணுறதுக்குள்ள ஒரு சாண் ஏறினால் இன்னும் அரைச் சென்ரிமீற்றர் கம்பி. அப்படியே நிண்டால், இல்லாட்டி மூக்கு கொஞ்சம் தாழ்ந்து மெல்ல மெல்ல இறங்கினால் சரி. ஏறுறதை விட இறங்கிறது நல்லம். வீட்டுக் கிணற்றுத் தண்ணியில சோதிச்சுப்போட்டுக் கடலுக்குக் கொண்டு போகாதேங்கோ.

இன்னொரு வழியும் இருக்கு. லூரோட வாற தூண்டிலைக் கழட்டி ஒரு நம்பர் பெரிய, மொத்தக் கம்பித் தூண்டில் போட்டால் நிறை கூடும். கொடுவாவுக்கு அது எப்பிடியும் நல்லம், மெல்லிய தூண்டிலை நெளிச்சுப்போடும். தூண்டில் மாத்தின பிறகு வாளியில விட்டுப் பாத்தால் கம்பி தேவைப்படாமலும் போகலாம்.

---

வாடை:

ரண்டு பேரும் நல்ல விளக்கம் தந்திருக்கிறீங்கள், ஆனால் குளிருக்கு நீங்கள் குடுக்கிற இடம் கூட. மார்கழியில் கொடுவா நிற்கிற இடத்தைத் தீர்மானிக்கிறது முதலில் உப்பும் கலங்கலும், குளிர் அதற்குப் பிறகுதான்.

காரணம் சொல்கிறேன். கேள்வி கேட்டவரின் நாலு இடத்தில் மூன்று, மழைநீர் வந்து இறங்குகிற பாதையில் உள்ளவை. தொண்டைமானாற்றுக் கதவும் அரியாலைக் கதவும் 1950களில் கட்டப்பட்டவை. கடல் உள்ளே வராமல் மறித்து, மழைத் தண்ணியை உள்ளே தேக்குவதற்காகக் கட்டியவை. பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் வகுத்த யாழ்ப்பாணத்துக்கான ஆற்றுத் திட்டத்தில் இந்த இரண்டு கதவும்தான் பூட்டு. மீனுக்கு யாரும் கேட்டுக் கட்டவில்லை. ஐப்பசி தொடக்கம் வடமராட்சியின் வெள்ளம் தொண்டைமானாற்றுக் கதவுக்குப் பின்னால் வந்து நிற்கும், கதவு திறந்தால் ஒரே இழுவையாக வடக்குக் கடலுக்குப் போகும்.

கொடுவா நல்லதண்ணிக்கும் உப்புத்தண்ணிக்கும் தோதான மீன், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரே இரவில் உப்பு மாறினால் அதன் தீன் முதலில் ஓடும். இறால் கீழிறங்கும், திரளி கூட்டமாக விலகும். தீன் போன இடத்தில் கொடுவா நிற்காது. அதனால் இப்போது இடம் தேடுவது இப்படி:

கதவு திறந்து தண்ணி ஓடுகிற நாளில், வெளிப்பக்கத்தில் நிறக்கோட்டைத் தேடுங்கள். தேத்தண்ணி நிறத் தண்ணியும் பச்சைத் தண்ணியும் தொடுகிற கோடு, அதில் நுரையும் சாதாழைத் துண்டும் வரிசையாக ஒதுங்கி நிற்கும். கொடுவா பச்சைப் பக்கத்தில் நின்று கலங்கல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். லூரைக் கலங்கலுக்குள் எறிந்து பச்சைக்குள் கொண்டுவாருங்கள். மறுவளமாக எறிந்தால் லூர் மீனுக்குப் பின்னால் இருந்து வரும், வெருளும்.

கதவு திறந்திருக்கையில் அணைக்கட்டின் சீமெந்துத் தளத்தில் இறங்க வேண்டாம். பாசி பிடித்த தளம், கணுக்கால் தண்ணியே ஆளை இழுத்துக் குழிக்குள் போடும். கரைக் கல்லில் நின்று எறிகிற தூரத்துக்குள்ளேயே மீன் நிற்கும்.

கதவு மூடி ஓட்டம் நின்ற பிறகு கலங்கல் படிய இரண்டு மூன்று நாள் எடுக்கும். தண்ணிக்குள் கையை விட்டு முழங்கை வரைக்கும் விரல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் லூர் எறியலாம். மணிக்கட்டோடு மறைந்தால் அன்றைக்கு லூரை வைத்துவிட்டு உயிர் இறால் போடுங்கள், அல்லது சங்குப்பிட்டிப் பக்கம் போங்கள். அங்கே தண்ணிப் பரப்பு பெரிது, வெள்ளம் ஒரு வாய்க்காலால் வந்து குவிகிற இடமில்லை, அதனால் உப்பு இவ்வளவு வேகமாக மாறாது. பாலத் தூண்களுக்கு அடியில் ஓட்டமும் இருக்கும்.

மதகடி சொன்ன சூட்டுக் கணக்கு, தண்ணி தெளிந்த தை மாதத்துக்கு அப்படியே பொருந்தும். மழை விட்டு விட்டுப் பெய்கிற மார்கழிக்குப் பொருந்தாது.

---

மதகடி:

வாடை சொல்லுறதை முழுக்க மறுக்கேல்லை. மழை நிண்டு மூண்டு நாள் ஆகாத இடத்தில சூட்டுமானி பிடிச்சுப் பிரயோசனம் இல்லை, சரி. ஆனால் செம்மணிவெளி தாற அளவைப் பாருங்கோ, பின்னேரம் முழங்கால் தண்ணியில 27. அப்படி ஏறிறதுக்கு வெயில் வேணும், வெயில் எறிச்சது எண்டால் அங்க மழை விட்டிட்டுது. அவருக்கு இப்ப வேண்டியது நேரத்தை மாத்திறதுதான்.

நிறக்கோட்டு விசயம் உண்மை. ஒண்டு மட்டும் சேர்க்கிறன்: கோடு பின்னேரம் வாடைக்காத்துக்குத் தெற்காலயும் விடியப்புறம் காத்து விழுந்தால் வேற இடத்திலயும் நிக்கும். நேற்று நிண்ட இடத்துக்கு இண்டைக்கு எறியாதேங்கோ.

---

தூண்டில்முள்ளு:

மூண்டாவது கேள்வியை ஒருத்தரும் தொடேல்லை.

பாரம் மட்டும் தெரிஞ்சது கடிதான். சூட்டுத் தண்ணியில கொடுவா அடிச்சால் கை அதிரும். குளிர்த் தண்ணியில அது லூருக்குக் கிட்ட வந்து வாயைத் திறந்து தண்ணியோட சேர்த்து உறிஞ்சும், பிறகு அப்படியே நிக்கும். நூலில சாதாழை கொழுவின மாதிரி ஒரு பாரம், அவ்வளவுதான். பிழை எண்டு விளங்கினால் ஒரு நொடிக்குள்ள துப்பிப்போடும். நீங்கள் சுண்டி மேல இழுத்தால் திறந்த வாய்க்குள்ள இருந்து லூர் வெளிய பறக்கும். பாரம் தெரிஞ்சவுடன றீலை விறுக்கெண்டு மூண்டு சுத்து, நூல் இறுகினவுடன றொட்டைப் பக்கவாட்டா இழுங்கோ, மேல இல்லை. தூண்டில் முள்ளை நகத்தில வைச்சுப் பாருங்கோ. வழுக்கினால் மழுங்கல், குத்தி நிண்டால் கூர். இந்தக் காலத்துக் கடிக்கு மழுங்கல் முள்ளு ஏறாது.

இழுவை இப்படிச் செய்யுங்கோ. எக்ஸ்-றாப் எறிஞ்சு நாலு சுத்து சுத்தி ஆழத்துக்குக் கொண்டு போங்கோ. பிறகு றொட் நுனியால ஒரு சின்னத் தட்டு, உடன நூலைத் தளர விடுங்கோ. தளராட்டில் லூர் முன்னுக்கு வழுக்கும், திரும்பாது. தளர்ந்தால் இருந்த இடத்தில பக்கத்துக்குத் திரும்பி விலாவைக் காட்டும், கொடுவா பாக்கிறது அதைத்தான். அதுக்குப் பிறகு ஒண்டும் செய்யாமல் நில்லுங்கோ. புரட்டாதியில ரண்டு எண்ணினால் காணும். 24, 25 பாகையில எட்டுத் தொடக்கம் பத்து வரைக்கும் எண்ணுங்கோ. கை பரபரக்கும், எண்டாலும் எண்ணுங்கோ. ஒரு எறிவுக்கு ஒண்டரை, ரண்டு நிமிசம் போகும். ஒரு மணித்தியாலத்தில நாற்பது எறிவுக்கு மேல எறிஞ்சிருந்தால் வேகம் கூட.

றப்பர் மீன் 14 கிராம் தலை பாரம் கூட. 4 அடித் தண்ணியில டொங் எண்டு விழுந்து சுரிக்குள்ள புதையும். 7 கிராமுக்கு இறங்குங்கோ, மீனையும் 3 அங்குலத்துக்குக் குறையுங்கோ. மார்கழித் திரளிக்குஞ்சு சின்னன், வயிறு மந்தமான மீனுக்கும் சின்னத் தீன்தான் தோது. அடியில தட்டினவுடன ஒரு அடி தூக்கி, நூலை இறுக்கமா வைச்சபடியே இறங்க விடுங்கோ. கடி இறங்கேக்கதான் வரும்.

லீடருக்கு வருவம். அறுந்த நுனியைத் தேடிப் பாருங்கோ, அது சொல்லும். நாலைந்து அங்குலத்துக்குப் பால் நிறமாச் சுரசுரத்துப் பிறகு அறுந்திருந்தால் கொடுவா. அதுக்குச் சீலா மாதிரிப் பல்லு இல்லை, வாய் அரம். செவுள் மூடி ஓரமும் சவர அலகு மாதிரி. கத்தியால வெட்டின மாதிரி ஒரே வெட்டு எண்டால் சீலா. ஒரு பக்கம் மட்டும் கீறுப்பட்டிருந்தால் பாலத் தூணில உள்ள சிப்பி, மீனைக் குற்றம் சொல்லாதேங்கோ. கொடுவா எண்டால் 40 இறாத்தல் தங்கூசி, இரண்டரை அடி. 30 காணாது, ஒண்டரை அடியும் காணாது, ஏனெண்டால் மீன் திரும்பேக்க நூல் செவுளுக்குக் குறுக்கால விழும். லூரில முடிச்சை இறுக்காமல் சின்ன வளையம் விட்டுக் கட்டுங்கோ. 40 இறாத்தல் தங்கூசி விறைப்பு. இறுக்கிக் கட்டினால் மெல்லத் தட்டுற தட்டுக்கு லூர் திரும்பாது.

உயிர் இறால் போடுற நாளில ஒரு கவனம். இறாலை எறியிற தண்ணியிலயே பிடிச்சதா வாங்குங்கோ. மண்டைதீவுப் பக்கத்து உப்புத்தண்ணி இறாலைத் தொண்டைமானாற்று நல்லதண்ணிக்குள்ள போட்டால் கொஞ்ச நேரத்தில சோர்ந்துபோகும், சோர்ந்த இறாலுக்குக் கொடுவா வராது. தூண்டில் ஏத்திறது தலைக் கொம்புக்குக் கீழால, உள்ள தெரியிற கறுத்த புள்ளியில முட்டாமல். புள்ளியில பட்டால் அந்த இடத்திலயே செத்திடும். தக்கையில இருந்து இறாலுக்கு உள்ள நூலை, இறால் அடிக்கு மேல ஒரு முழம் நிக்கிற அளவுக்கு வையுங்கோ. மேல்தண்ணியில தொங்க விட்டால் அது குளிர்ந்த நல்லதண்ணித் தட்டு, இறாலுக்கும் சரியில்லை மீனுக்கும் சரியில்லை.

தண்ணிக்குள்ள இறங்கி நிண்டு எறியிறதெண்டால் காலைத் தூக்கி வைக்காமல் அரைச்சு அரைச்சு நடவுங்கோ. வெயில் ஏறின முழங்கால் தண்ணிக்குத் திருக்கையும் வரும். குத்தினால் முதல் வேலை, தோல் தாங்கக்கூடிய அளவுக்குச் சுடுதண்ணியில காலை வைக்கிறது. நஞ்சு சூட்டுக்கு அடங்கும், வலி இறங்கும். அதோட ஆஸ்பத்திரிக்குப் போகவேணும், முள்ளுத் துண்டு உள்ள நிக்கலாம்.

களங்கட்டி வலை, சிறகுவலை கட்டின இடத்துக்குக் கிட்ட எறியாதேங்கோ. கொழுவினால் வலையை வெட்டாமல் நூலை வெட்டிப்போட்டு உரியவரிட்டச் சொல்லுங்கோ. ஒரு லூரின்ர காசு ஒருத்தற்ற ஒரு நாள் தொழிலை விடப் பெரிசில்லை.

---

செம்மணிவெளி:

எல்லாருக்கும் நன்றி. லீடர் நுனி இன்னும் பெட்டிக்குள்ள கிடந்தது, எடுத்துப் பாத்தன். ஒரு பக்கம் கீறல், மற்றப் பக்கம் சுத்தம். அப்ப தூண்தான்.

ரண்டு சின்னக் கேள்வி. சோல்டர் கம்பிக்குள்ள பசை இருக்கிறது, அது பரவாயில்லையோ? மற்றது, பெரிய மீன் ஒண்டு பட்டால் துள்ளேக்க என்ன செய்யிறது?

---

சோல்டர்கம்பி:

பசை உள்ள கம்பி பரவாயில்லை, நான் சொன்ன 0.06 கிராம் அதுக்குத்தான். வெட்டின ரண்டு நுனியையும் குறட்டால நசுக்கி மூடிவிடுங்கோ, பசை கசிஞ்சு தூண்டிலைக் கறுப்பிக்கும். வீட்டுக்கு வந்தால் நல்லதண்ணியில கழுவிக் காய விடுங்கோ. ஈரத்தோட பெட்டியில போட்டால் கம்பி சுத்தின இடத்துக்குக் கீழால துரு பிடிக்கும், வெளிய தெரியாது. மாதத்துக்கு ஒருக்காக் கழட்டிப் பாருங்கோ. ஈயம் தொட்ட கையால சாப்பிடவேண்டாம்.

---

தூண்டில்முள்ளு:

துள்ளப் போகுது எண்டு நூல் மேல ஏறேக்கயே தெரியும். அந்த நேரம் றொட் நுனியைத் தண்ணிப் பக்கம் பதிச்சுப் பக்கத்துக்கு இழுங்கோ. றொட்டை உயர்த்திப் பிடிச்சால் தலை முழுக்க வெளிய வரும், ஒரு உதறலில லூர் உங்கட பக்கம் பறக்கும். றீலின்ர இழுவை இறுக்கத்தைத் தராசுக் கொக்கியில கொழுவிப் பாருங்கோ, 20 இறாத்தல் பிறெய்ட்டுக்கு 2 தொடக்கம் 3 கிலோவில நூல் விடவேணும். கையால இழுத்துப் பாத்துக் கணக்குப் போடாதேங்கோ, கை எப்பவும் பொய் சொல்லும்.

தூணடியில பட்டால் முதல் ஐந்து நொடிதான். நீங்கள் பாலத்துக்கு மேல நிண்டால் மீன் தூணைச் சுத்தும், ஒண்டும் செய்யேலாது. கரையில, தூணுக்குப் பக்கவாட்டா நிண்டு எறியுங்கோ. இரண்டாவது லீடரும் கீறுப்பட்டு வந்தால் நிக்கிற இடம்தான் பிழை.

செவுளுக்குள்ள விரலை விட்டுத் தூக்கவேண்டாம், விரல் வெட்டும். கீழ்த்தாடையைக் கையுறையோடயோ ஈரத் துணியோடயோ பிடிச்சு, வயித்தையும் தாங்குங்கோ. 80 சென்ரிமீற்றர் தாண்டினது அனேகமா முட்டைக்காரி. இந்தச் சாதி ஆணாத்தான் முதிரும், வளர்ந்த பிறகுதான் பெட்டையா மாறும். அந்த அளவு மீனைத் தண்ணிக்குள்ளயே வைச்சுத் தூண்டிலைக் கழட்டி விடுறது நல்லம். சொதிக்கு 50, 60 சென்ரிமீற்றர்தான் ருசி, பெரிசு நார்.

---

வாடை:

இன்றைக்கு வல்லைப் பாலத்தில் பின்னேரம் 3 மணிக்கு விரல் முழங்கை வரைக்கும் தெரிந்தது. மேல்தண்ணி 26, தூணடிப் போத்தல் தண்ணி 27.5. மதகடி சொன்ன தட்டு நிற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். செம்மணிவெளி, நாளைக்கு மழை இல்லாவிட்டால் அங்கேயே 7 கிராம் ஜிக்கோடு போங்கள். கிழக்குக் கரைக் கல்லில் நின்று, மூன்றாவது தூணுக்கு இந்தப் பக்கம்.